காப்பார் கரையில் கால் ஊன்ற ஓர் இடம்

(பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேற்றில் இரை தேடும் பறவைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆகஸ்ட் பிற்பாதியில் தொடங்கி, சைபீரியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்தும் அவை நம் கிள்ளான் கடற்கரைக்கு வந்து சேர்கின்றன. வடக்கே பனி உறைந்து கிடக்கும் மாதங்களை இங்கே கழித்துவிட்டு, மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான், பலவகை உள்ளான்கள் என்று, காப்பாரிலிருந்து ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வரை நீளும் சேற்றுக் கரையில் அவற்றை ஆயிரக்கணக்கில் காணலாம். உலக அளவில் பறவைகளைக் காக்கும் பேர்ட்லைஃப் அமைப்பு இந்தக் கரையை முக்கியமான பறவைத் தலங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அந்தக் கரை இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறது. ஒரு பக்கம் கடல் உயர்கிறது. மறுபக்கம் மண்ணணையும் செம்பனையும் தொழிற்பேட்டையும் துறைமுகமும் நகர மறுத்து நிற்கின்றன. நடுவில் இருக்கும் சேறு ஒடுங்கிக்கொண்டே போனால் இந்தப் பறவைகளுக்குப் போக்கிடம் கிடையாது. ஆனால் நம் மாநிலத்திலேயே, நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றை உங்கள் காதில் போட்டு, உங்களையும் கேட்கவைப்பதற்காகவே இந்த உரை.

கடலோரத்துச் சங்கதியை நகரத்தின் நடுவில் வந்து பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். இங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கிள்ளான் ஆறு. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயில் எரிந்தது, பிறகு வெள்ளத்தில் மூழ்கியது. அதற்குப் பின் மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தபோது இந்தப் பகுதியில்தான் சூளைகள் எரிந்தன. நகரத்தைக் கட்டியெழுப்பிய களிமண் கிடந்த இதே ஆற்றோரத்தைத் தாண்டிப் போகும் தண்ணீர்தான், வண்டலைச் சுமந்துகொண்டு, கிள்ளான் கழிமுகத்தில் கொண்டுபோய்ப் படியவைக்கிறது. வண்டலோடு மற்றதும் போகிறது. துன் சம்பந்தன் சாலையின் சாக்கடையில் விழும் நெகிழிப்பை மழை வந்தால் ஆற்றுக்கு வரும், ஆறு அதைச் சேற்றுக்குக் கொண்டுபோகும். 2019 முதல் கிள்ளான் ஆற்றில் குப்பை அள்ளும் மிதவை இயந்திரத்தை இயக்க வேண்டிய அளவுக்கு நிலைமை இருக்கிறது. ஆகவே அந்தக் கரையின் நலம் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

இனி, பறவைகளிடம் வருகிறேன். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதன் கதி நம் கரையோடு மிகவும் பிணைந்திருக்கிறது.

அதன் பெயர் நோர்ட்மன் பச்சைக்காலி. சாதாரணப் பச்சைக்காலியைப் பார்த்தவர்கள் இதையும் அதுவென்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள். கால் சற்றுக் குட்டை, அலகு சற்றுத் தடிப்பு, அலகின் அடி மஞ்சள் கலந்தது. உலகம் முழுவதும் சேர்த்து எண்ணினாலும் 2,000க்குள்தான் இருக்கும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் மதிப்பீடு. ஓகோட்ஸ்க் கடலோரத்திலும் சாக்கலின் தீவிலும் மட்டுமே இனப்பெருக்கம் செய்கிறது. கரைப்பறவைகளில் பெரும்பாலானவை தரையில் முட்டையிடும். இதுவோ மரத்திலும் கூடு வைக்கிறது. 40 ஆண்டுகளுக்கு மேலாக அதன் கூட்டை எந்த ஆராய்ச்சியாளரும் பார்க்கவில்லை. 2019இல்தான் ரஷ்ய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, கபரோவ்ஸ்க் பகுதியின் கடலோரச் சதுப்பில், லார்ச் மரத்தில் இருந்த கூட்டைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு அரிய பறவை குளிர்காலத்தைக் கழிக்கத் தேர்ந்துகொள்ளும் இடங்கள் வங்காளதேசம், மியன்மார், தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா ஆகியவற்றின் சேற்றுக் கரைகள். மலேசியாவில் அதைத் தேடிப் போகிறவர்கள் முதலில் போவது சிலாங்கூர்க் கடற்கரைக்கு. உலகில் எஞ்சியிருக்கும் 2,000 பறவைகளில் சில காப்பார்ச் சேற்றில் நண்டு பிடித்துத் தின்னுகின்றன என்றால், அதைக் காக்கும் கடமையிலிருந்து நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இந்தப் பறவைகள் செய்யும் பயணத்தின் அளவை அறிந்தால்தான் சேற்றின் அருமை புரியும். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் கிளம்பி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. இடையில் எங்கும் இறங்கவில்லை, உண்ணவில்லை. 11 நாட்கள், 13,560 கிலோமீட்டர். உடம்பில் பொருத்திய கருவி வழியே செயற்கைக்கோள் அதைத் தொடர்ந்து பதிவு செய்தது. இத்தகைய பயணத்துக்கு முன்னால் அந்தப் பறவையின் உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கும். பறக்கும்போது குடலும் இரைப்பையும் வெறும் பாரம் என்பதால் அவை சுருங்கிப்போகும். இறங்கிய பின் மீண்டும் வளரும். எங்கே இறங்கினாலும் உடனே தின்ன வேண்டும், பல நாள் தொடர்ந்து தின்ன வேண்டும். புழுவும் சிப்பியும் நண்டும் நிறைந்த சேறு அங்கே காத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த பயணம் இல்லை.

நம் கரைக்கு வருபவை பறக்கும் வழியைக் கிழக்கு ஆசிய - ஆஸ்திரலேசிய வலசைப்பாதை என்கிறார்கள். ஆர்க்டிக்கிலிருந்து நியூசிலாந்து வரை 22 நாடுகளைத் தொட்டுச் செல்வது. 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இதில் போய்வருகின்றன. ஆராய்ச்சியாளர்கள் பறவையின் காலில் இடத்துக்கு ஒரு நிறமாகச் சிறு கொடி மாட்டிவிடுகிறார்கள். ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, வெள்ளை என்றால் நியூசிலாந்து. எங்கோ மாட்டிய கொடியை இன்னொரு நாட்டின் சேற்றில் ஒருவர் தொலைநோக்கியில் கண்டு எழுதி அனுப்புவதால்தான் இந்தப் பாதையின் வரைபடம் நமக்குக் கிடைத்தது.

பறவைகள் பருவத்துக்குப் பருவம் திசை மாற்றிப் பறக்கும் என்பது தமிழனுக்குப் புதிய செய்தி இல்லை. மதுரையில் வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர், தெற்கிலிருந்து வடக்கே திரும்பும் நாரையிடம் தன் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பிய பாட்டைப் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நம் பாட்டன் பாட்டிமார் ரஜூலாக் கப்பல் ஏறிய நாகப்பட்டினத்தின் மாவட்டத்திலேயே இருக்கிறது கோடியக்கரை. வலசைப் பறவைகளுக்குப் பெயர்பெற்ற அந்தச் சதுப்பு 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தலம் என்ற தகுதியைப் பெற்றது. நம் பாட்டன் பாட்டிமார் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம். இங்கும் அதே குலத்துப் பறவைகள், அதே சேறு. கோடியக்கரைக்குக் கிடைத்த பாதுகாப்பு மட்டும் இந்தக் கரைக்குக் கிடைக்கவில்லை. மலேசியாவில் ஏழு ராம்சார் தலங்கள் இருக்கின்றன. தாசேக் பெராவும், ஜொகூரின் புலாவ் குக்குப், சுங்கை புலாய், தஞ்சோங் பியாய் மூன்றும் தீபகற்பத்தில். மற்றவை சபா, சரவாக்கில். சிலாங்கூரில் ஒன்றுமில்லை.

ஒரு நாளின் போக்கில் இந்தப் பறவைகள் எப்படி வாழ்கின்றன என்பதை இப்போது சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கிள்ளான் கடலில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கும். நீங்கள் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகில் போயிருந்தால், போகும்போது தண்ணீராகக் கிடந்தது திரும்பும்போது கண்ணுக்கு எட்டியவரை சேறாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வற்றும் அந்தச் சில மணி நேரம்தான் பறவைகளுக்குச் சாப்பாட்டு நேரம். பகல், இரவு என்ற கணக்கு அவற்றுக்கு இல்லை. கடல் வற்றினால் நள்ளிரவிலும் இறங்கிவிடும்.

தண்ணீர் ஏறிய பின் அவை என்ன செய்யும்? கடலில் மிதக்க முடியாது. வாத்தைப்போல் இவற்றின் விரல்களுக்கிடையே முழுச் சவ்வு கிடையாது, கடலிலேயே நாள் கழிக்கும் கடற்பறவையின் இறகும் கிடையாது. கரையேறித்தான் நிற்க வேண்டும். சிறு கோட்டானும் பவளக்காலியும் பாக்காவ் எனும் அலையாத்தி மரத்தின் கிளையில்கூட ஒதுங்கிக்கொள்ளும். மூக்கனும் உப்புக்கொத்தியும் பெரும்பாலான உள்ளான்களும் மரத்தை அண்டுவதில்லை. வல்லூறு வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதால், நாலாபுறமும் திறந்த, செடி முளைக்காத, ஈரமான வெட்டவெளி அவற்றுக்கு வேண்டும். அது சேற்றுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். வெகுதூரம் பறந்து போய் நின்றுவிட்டுத் திரும்பினால், தின்று சேர்த்த கொழுப்பு அந்தப் பறப்பிலேயே கரைந்துவிடும். மனிதர்களும் நாய்களும் அடிக்கடி விரட்டினாலும் அதே இழப்புதான்.

இந்தக் கரையில் அப்படிப்பட்ட வெட்டவெளி எங்கே இருக்கிறது? காடு இருந்த இடத்தில் தோட்டமும், தோட்டம் இருந்த இடத்தில் ஊரும் வந்துவிட்டன. பல ஆண்டுகளாகப் பறவைகள் கண்டுபிடித்து வைத்திருந்த முக்கியமான இடம், காப்பாரின் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின் நிலையத்தின் சாம்பல் குளம். 1980களில் இயங்கத் தொடங்கிய மின் நிலையம் அது. நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குளங்களில் விடுவார்கள். சாம்பல் படிந்து, பரந்த தட்டையான நிலமாகி, மேலே ஓர் அடி அரையடித் தண்ணீர் நிற்கும். செடி எளிதில் முளைக்காது. வேலிக்கு உள்ளே அனுமதியின்றி யாரும் நுழைய முடியாது. கரைப்பறவைக்கு வேண்டிய எல்லாம் அங்கே அமைந்துவிட்டது. கடல் ஏறும் நேரத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள், ஓகோட்ஸ்கிலிருந்து வந்த நோர்ட்மன் பச்சைக்காலி உட்பட, அந்தச் சாம்பல் மேட்டில் ஒற்றைக்காலில் நின்று உறங்கியிருக்கின்றன. மலேசிய இயற்கைக் கழகத்தினர் அனுமதி பெற்று அங்கே போய் எண்ணியிருக்கிறார்கள்.

கடலை உயர்த்தும் வெப்பத்துக்கு நிலக்கரியே முதற்காரணம். அந்த நிலக்கரியின் சாம்பல்தான் இந்தப் பறவைகளுக்கு அடைக்கலமாகவும் இருந்திருக்கிறது. இதைக் கேட்கும்போது மனம் கனக்கிறது. நாம் அவற்றுக்காகத் திட்டமிட்டு விட்டுவைத்த இடம் இந்தக் கரையில் எவ்வளவு குறைவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மலேசியா 2040களின் நடுப்பகுதிக்குள் நிலக்கரி மின்சாரத்திலிருந்து விடுபடப்போவதாக அறிவித்திருக்கிறது. அது நடக்கத்தான் வேண்டும், விரைவாகவும் நடக்க வேண்டும். காப்பாரிலும் அடுப்பு அணையும் நாள் வரும். அன்றைக்கு அந்தக் குளங்களை மண் போட்டு மூடி வீட்டுமனையாகவோ கிடங்காகவோ ஆக்கிவிட்டால், கடல் ஏறும்போது பறவைகள் எங்கே நிற்கும்? இந்தக் கேள்விக்கு விடை இப்போதே எழுதப்பட வேண்டும். மின் நிலையம் மூடிய பிறகு கேட்டால் நிலம் கைமாறியிருக்கும்.

ஹாங்காங்கில் மை போ என்று ஒரு சதுப்பு இருக்கிறது. எதிரே ஷென்ஜென் நகரத்தின் வானளாவிய கட்டடங்கள். அங்கே பழைய இறால் குளங்களில் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கி, செடியை வெட்டி, கடல் ஏறும் நேரத்தில் கரைப்பறவைகள் நிற்பதற்காகவே பராமரிக்கிறார்கள். உலக இயற்கை நிதியம் 1980களிலிருந்து அந்தப் பொறுப்பைப் பார்க்கிறது, 1995 முதல் அது ராம்சார் தலம். பெருநகரத்தின் அருகில், விலைமதிப்புள்ள நிலத்தில் இது நடக்கிறது. காப்பாரில் நடக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

பருவநிலை மாற்றம் இந்தப் பறவைகளைப் பயணத்தின் இரு முனைகளிலும் தாக்குகிறது. வடமுனையில் பனி முன்னதாகவே உருகுகிறது. பனி உருகியதும் பூச்சிகள் கிளம்பும். குஞ்சு பொரிக்கும் காலமும் பூச்சி மிகும் காலமும் ஒத்துவந்தால்தான் குஞ்சு வளரும். இப்போது பூச்சிகள் முந்திக்கொள்கின்றன. ரெட் நாட் என்ற உள்ளானைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதன் விளைவைக் காட்டியது. ரஷ்யாவின் தைமிர் தீபகற்பத்தில் பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் உடலால் சிறுத்து, அலகு குட்டையாகி வளர்ந்தன. அங்கே அவற்றுக்குப் பெரிய சங்கடம் இல்லை. சங்கடம் தெரிந்தது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், மேற்கு ஆப்பிரிக்காவின் மவுரித்தேனியாவில். சேற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் சிப்பி குட்டை அலகுக்கு எட்டவில்லை. நீள அலகு கொண்டவை பிழைத்தன, மற்றவற்றில் பல செத்தன. ஆர்க்டிக் வெப்பத்துக்கான விலையை வெப்பமண்டலச் சேற்றில் கொடுத்தன அந்தப் பறவைகள். 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, ஆர்க்டிக்கில் இனப்பெருக்கம் செய்யும் கரைப்பறவை இனங்களில் 66 முதல் 83 விழுக்காடு, இப்போது தமக்கு உகந்த நிலத்தில் பெரும்பகுதியை 2070க்குள் இழக்கக்கூடும்.

நம் பக்கத்து முனையில் நடப்பது கடல் மட்ட உயர்வு. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தை எட்டியது. மில்லிமீட்டர் என்றதும் அற்பமாகத் தோன்றும். ஆனால் சேற்றுக்கரையின் சரிவு மிக மிக மெல்லியது. கடல் ஒரு விரற்கடை உயர்ந்தால் கரையில் பல மீட்டர் அகலத்துக்குச் சேறு வெளிப்படாமலே போகும். வெளிப்படும் இடத்திலும் வெளிப்படும் நேரம் குறையும். 2013இல் வந்த கணிப்பு ஒன்று நம் வலசைப்பாதையையே எடுத்து ஆராய்ந்தது. கடல் உயர்வால் வழிநெடுக உள்ள சேற்றுக்கரையில் 23 முதல் 40 விழுக்காடு மூழ்கலாம். ஆனால் அதனால் பாதையில் போய்வரும் பறவைகளின் ஓட்டம் 72 விழுக்காடு வரை குறையலாம் என்றது. நிலம் குறைவதைவிடப் பறவை அதிகம் குறைவதற்குக் காரணம், எல்லாப் பறவைகளும் கடந்தே தீரவேண்டிய சில குறுகிய இடங்கள் இருப்பதுதான். அங்கே அடி விழுந்தால் மொத்தப் பாதைக்கும் விழும்.

அப்படி அடி விழுந்ததை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் இருக்கும் மஞ்சள் கடல்தான் அந்தக் குறுகிய இடம். தென்கொரியா சேமாங்கும் கழிமுகத்தின் குறுக்கே 33 கிலோமீட்டர் நீளச் சுவர் கட்டி, 2006 ஏப்ரலில் கடலை அடைத்தது. அங்கே இரை தேடிய கிரேட் நாட் என்ற உள்ளான்கள் பல்லாயிரக்கணக்கில் காணாமல் போயின. பக்கத்துக் கரைகளுக்கு இடம் மாறியிருக்கும் என்று சிலர் நம்பினார்கள். பக்கத்துக் கரைகளில் எண்ணிக்கை கூடவில்லை, ஆஸ்திரேலியாவில் எண்ணியபோதும் குறைந்திருந்தது. அவை செத்துவிட்டன. "வேறு இடம் பார்த்துக்கொள்ளும்" என்று நம் ஊரிலும் சொல்வார்கள். சேமாங்குமைச் சொல்லி அவர்களுக்குப் பதில் தரலாம்.

அதே மஞ்சள் கடலில் நல்ல செய்தியும் உண்டு. 2018இல் சீனா வணிக நோக்கில் கடலை நிரப்புவதற்குத் தடை போட்டது. 2019இல் சீனக் கரையின் சேற்றுவெளிகளும் 2021இல் கொரியாவின் சேற்றுவெளிகளும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. அழகான மலையும் கோயிலும் பெறும் அந்தஸ்தைச் சேறு பெற்றது.

இப்போது நம் மண்ணணைக்கு வருகிறேன். நம் மக்கள் பண்டு என்று சொல்வார்களே, அதுதான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நம் குடும்பக் கதை.

கிள்ளான், காப்பார், கோல சிலாங்கூர்க் கரை ஒரு காலத்தில் பாக்காவ் காடும் சதுப்பும்தான். கடல் நீர் ஏறி இறங்கும் அந்த நிலத்தைக் காப்பிக்கும் தென்னைக்கும் பால்மரத்துக்கும் ஏற்றதாக்க, முதலில் கடலைத் தடுக்க வேண்டியிருந்தது, பிறகு உள்ளே நின்ற தண்ணீரை வடிக்க வேண்டியிருந்தது. அந்த வாய்க்கால்களை இடுப்பளவுச் சேற்றில் நின்று வெட்டியவர்களில் நம் பாட்டன்மார் இருந்தார்கள். சீனரும் ஜாவாக்காரரும் கூட நின்று வெட்டினார்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. அதற்குப் பின் கரை முழுவதும் செம்பனை. அணை, மதகு, வாய்க்கால் என்ற அந்த ஏற்பாடு இல்லாமல் இன்றைய கிள்ளான் மாவட்டமே இல்லை. அந்த உழைப்பை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அணை கட்டியபோது கடல் நிலையாக நின்றது. இப்போது நிலையாக நிற்கவில்லை. அணை இல்லாத கரையில் கடல் உயர்ந்தால், பாக்காவ் காடு நிலத்தின் பக்கம் மெல்லப் பின்வாங்கும், அதன் முன்னால் சேறும் பின்வாங்கும். ஆறு கொண்டுவரும் வண்டல் போதிய அளவு படிந்தால் சேறு உயர்ந்தும் கொடுக்கும். அணை இருக்கும் கரையில் பின்வாங்க இடமில்லை. முதலில் சேறு மூழ்கும், பிறகு காட்டின் வேரை அலை அரிக்கும், கடைசியில் அலை நேராக அணையில் மோதும். அப்போது அணையை உயர்த்துவார்கள், கல் போடுவார்கள், அலை இன்னும் வேகமாகச் சேற்றை அரிக்கும். பறவை முதலில் இழக்கும், பிறகு நாமும் இழப்போம். பெரிய ஏற்றத்தின்போது கரையோரக் கம்போங்குகளில் கடல்நீர் புகும் எச்சரிக்கை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா எப்படி மூழ்கியது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் உறவினர்களே கூரையில் நின்றிருப்பார்கள். அந்த வெள்ளத்துக்குக் காரணம் பேய்மழை. ஆனால் கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஆற்று நீர் வடிய வழியில்லை என்பது கிள்ளானில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். காடும் சேறும் அகலமாக இருக்கும் கரை, அலையின் வேகத்தைத் தணித்துத் தருகிறது. அதற்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை.

இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில் வாலசீ தீவு என்று ஓர் இடம். அங்கும் பழைய மண்ணணை, அதன் உள்ளே விளைநிலம். லண்டனில் கிராஸ்ரெயில் சுரங்கம் தோண்டியபோது வந்த மண்ணில் சுமார் 30 லட்சம் டன்னைக் கப்பலில் கொண்டுபோய்க் கொட்டி, நிலத்தை மேடு பள்ளமாக அமைத்து, 2015இல் அணையைத் தாங்களாகவே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். இன்று அது கரைப்பறவைகள் நிற்கும் சதுப்பு. கோலாலம்பூரிலும் எம்ஆர்டிக்காகச் சுரங்கம் தோண்டினோம்; அத்தகைய மண்ணை நாமும் இப்படிப் பயன்படுத்த எண்ணலாம். இடத்துக்கும் வழி இருக்கிறது. செம்பனையை 25 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். அப்படி வெட்டும்போது, அணையை ஒட்டி உப்பேறி விளைச்சல் குறைந்த பட்டையை மட்டும் விட்டுக்கொடுத்து, அணையை அதன் பின்னால் நகர்த்திக் கட்டினால் என்ன? எல்லா இடத்திலும் முடியாது. ஊர் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. முடிந்த இடங்களை நீர்ப்பாசன வடிகால் துறையும் மாநில அரசும் தோட்ட உரிமையாளர்களும் உட்கார்ந்து குறிக்கலாம்.

"துறைமுகம் பெருகினால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், பறவை சோறு போடுமா?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. கிள்ளான் துறைமுகம் உலகின் பெரிய கொள்கலன் துறைமுகங்களில் ஒன்று. லோரி ஓட்டுபவர்களும் கிடங்கில் வேலை செய்பவர்களும் நம்மில் எத்தனையோ பேர். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரித் தீவில் மூன்றாவது துறைமுகம் என்ற பேச்சு 2017 முதல் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அது வருமானால், எந்தச் சேறு போகிறது, அங்கே எத்தனை பறவை, எத்தனை மீனவர், அங்குள்ள மா மெரி பழங்குடி மக்களின் வாழ்வு என்னாகும் என்று கணக்குப் பார்த்த பிறகு வரட்டும். இந்தச் சேறும் சோறு போடத்தான் செய்கிறது. நாம் சாப்பிடும் கெராங் சிப்பி சிலாங்கூர்ச் சேற்றில் வளர்ந்தது, அதன் விளைச்சல் சரிந்துபோய் மீனவர்கள் தவிக்கிறார்கள். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அங்கேதான் வளர்கின்றன. பறவைகள் வந்து குவியும் சேறு உயிருள்ள சேறு என்று அர்த்தம். பறவை வரவில்லை என்றால் மீனவனுக்கும் கெட்ட காலம் தொடங்கிவிட்டது.

மக்கள் கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்குக் கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டை நினைவூட்டுகிறேன். 2020இல் அந்தக் காட்டின் பெரும்பகுதியைக் காப்புப் பட்டியலிலிருந்து நீக்கத் திட்டம் வந்தபோது பல்லாயிரம் பேர் ஆட்சேபித்தார்கள். அதையும் மீறி 2021 மே மாதத்தில் ஒரு பகுதி நீக்கப்பட்டது. செய்தி வெளியானதும் எழுந்த எதிர்ப்பில், அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவை ரத்து செய்தது. தெமுவான் பழங்குடியினரும் நகரத்து இளைஞர்களும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. காட்டுக்காக அத்தனை பேர் எழுதினார்கள். சேற்றுக்காக எழுத ஆள் வேண்டும்.

நான் கேட்பவை இவை. காப்பார் சாம்பல் குளங்களில் குறைந்தது ஒரு பகுதியையாவது, மின் நிலையம் மூடிய பின்னும், பறவைகள் நிற்கும் இடமாக வைத்திருக்க மாநில அரசு உறுதி தர வேண்டும். சரவாக்கின் பாக்கோ புந்தால் விரிகுடாவை 2013இல் வலசைப்பாதைக் கூட்டமைப்பின் தலமாகப் பதிவு செய்தார்கள். அதுபோல் வடமத்திய சிலாங்கூர்க் கரையையும் பதிவு செய்ய வேண்டும், ராம்சார் பட்டியலுக்கும் முன்மொழிய வேண்டும். கடலை நிரப்பும் பெருந்திட்டம் எதுவானாலும் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவுக்கும் ஆட்சேபனை எழுதலாம். அந்த அறிவிப்புகளைப் பாருங்கள். மலாயில் இரண்டு பக்கம் எழுதினால் போதும்; பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு அனுப்புங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987 முதல் நடந்துவரும் இந்தப் பணியில் நம் நாட்டில் மலேசிய இயற்கைக் கழகம் ஈடுபட்டுவருகிறது. அதன் தலைமையகம் இங்கிருந்து அதிக தூரமில்லை, புக்கிட் பெர்செகுத்துவானில் இருக்கிறது. கிள்ளான், காப்பார், கோல சிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேராவது அடுத்த ஜனவரியில் ஜெராம் கரையில் நின்று எண்ணட்டும். கடல் முழுவதும் ஏறி நிற்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அப்போதுதான் பறவைகள் கரையை நோக்கி நெருங்கி வரும். நாயை அழைத்துப் போகாதீர்கள், கூட்டத்தை நோக்கி நடக்காதீர்கள். எண்ணியதை எழுதி அனுப்புங்கள்.